டெத் மார்ச்சில் ஆடாவிட்டால் அது ஆட்டமே இல்லையா?

கேள்வி: வணக்கம். எனக்கு 36 வயது, ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. தம்பி வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது அவனுடைய ப்ளேஸ்டேஷனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். ‘விட்சர் 3’ கேமைப் போட்டுக் கொடுத்தவன், டிஃபிகல்டியையும், அதாவது சண்டைகளின் கடுமையையும், அவனே இருப்பதிலேயே கடினமான ‘டெத் மார்ச்’ லெவலில் வைத்துவிட்டான். “அதுக்குக் கீழ ஆடினா ஆட்டமே இல்லக்கா, சும்மா படம் பாக்குறதுதான்” என்கிறான். பொண்ணு தூங்கிய பிறகு எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அந்த நேரம் முழுக்க ஒயிட் ஆர்ச்சர்ட் என்ற தொடக்க ஊரில் கிரிஃபின் என்ற பறக்கும் ஜந்திடம் செத்துச் செத்தே போகிறது. கதையும் ஊர்களும் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கின்றன. ஆனால் லெவலைக் குறைத்தால் தோற்றுப்போன மாதிரி இருக்குமோ என்று ஓர் உறுத்தல். குறைத்தால் கதையில் எதையாவது இழப்பேனா? அடுத்து ‘பால்டர்ஸ் கேட் 3’ வாங்கலாம் என்றிருக்கிறேன், அதில் எதைத் தேர்ந்தெடுப்பது? – ஒரு வாசகி

பதில்: வணக்கம். முதலில் நேரடியான பதில். இன்றைக்கு இரவே செட்டிங்ஸுக்குப் போய் டெத் மார்ச்சை ‘ஸ்டோரி அண்ட் ஸ்வோர்டு’க்கு மாற்றுங்கள். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, உங்கள் சேவ் அப்படியே இருக்கும். கதையில் ஒரு வசனம்கூடக் குறையாது. கதாநாயகன் கெரால்டின் வளர்ப்பு மகள் சிரியின் கதை எப்படி முடியும் என்பது சில முக்கியமான இடங்களில் நீங்கள் அவளிடம் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீங்கள் எந்த லெவலில் வாள் சுற்றினீர்கள் என்று அந்த முடிவுகள் பார்ப்பதில்லை. நீங்கள் இழப்பது ஒன்றே ஒன்று: முழு ஆட்டத்தையும் டெத் மார்ச்சில் முடித்தவர்களுக்குக் கிடைக்கும் டிராஃபி, இந்த ஆட்டத்தில் உங்களுக்குக் கிடைக்காது. அது வேண்டுமா என்பதை உங்கள் தம்பியிடம் கேட்காமல் நீங்களே முடிவு செய்யுங்கள்.

இனி, அந்த உறுத்தலைப் பற்றி. கேம்களில் சண்டைகளின் கடுமையைச் சரிபார்ப்பதுதான் என் வேலை என்பதால் இதைக் கொஞ்சம் உள்ளிருந்து சொல்லலாம்.

விட்சர் மாதிரி ஒரு கதாபாத்திரமாகவே மாறி ஆடும் கேம்களுக்கெல்லாம் மூலம் 1974இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கியது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடுவது. அதில் டிஃபிகல்டி என்று தனியாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் கிடையாது. கதையை நடத்துபவர், அதாவது டன்ஜன் மாஸ்டர், எதிரில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்தே நடத்துவார். எல்லாரும் சோர்ந்துபோயிருந்தால் அடுத்த அறையில் நாலு பேய்க்குப் பதில் இரண்டு பேய்தான் இருக்கும். கொட்டாவி விட்டால் ஆறு இருக்கும். கணினிக்கு உங்கள் முகம் தெரியாது. அதனால் அந்த மனிதரின் வேலையை ஒரு மெனுவில் அடைத்து, நீங்கள் வாளை ஒரு தடவைகூட வீசிப் பார்க்காத நேரத்தில் “எந்த லெவல் வேண்டும்?” என்று கேட்கிறது. கண்ணைப் பரிசோதிக்காமலே “என்ன பவர் கண்ணாடி வேண்டும்?” என்று கேட்பது மாதிரி. அந்தக் கேள்விக்கு முதல் நாள் சொன்ன பதிலைக் கடைசி வரை மாற்றக் கூடாது என்று நினைப்பது விசித்திரம். அதிலும் உங்கள் விஷயத்தில் பதில் சொன்னதே வேறொருவர்.

இன்னொரு சங்கதி. பெரும்பாலான கேம்களில், உருவாக்குபவர்கள் உட்கார்ந்து செதுக்குவது நடு லெவலைத்தான். இந்த எதிரி எத்தனை அடியில் சாக வேண்டும், இந்த ஊரை அடையும்போது பையில் எவ்வளவு காசு இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த லெவலை வைத்தே கணக்குப் போடப்படும். மேலும் கீழும் உள்ள லெவல்கள் பல சமயம் அந்தக் கணக்கை ஓர் எண்ணால் பெருக்கியோ வகுத்தோ வருபவை. கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு ‘ஸ்கைரிம்’ உதாரணம் உடனே புரியும். 2011இல் வந்த கேம். அடெப்ட் என்ற நடு லெவலில் நீங்கள் கொடுக்கும் அடியும் ஒரு மடங்கு, வாங்கும் அடியும் ஒரு மடங்கு. நோவிஸில் நீங்கள் கொடுப்பது இரண்டு மடங்கு, வாங்குவது பாதி. பின்னாளில் அப்டேட்டில் சேர்த்த லெஜண்டரியில் நீங்கள் கொடுப்பது கால் மடங்கு, வாங்குவது மூன்று மடங்கு. அவ்வளவுதான் வித்தியாசம். கொள்ளைக்காரன் புத்திசாலி ஆகிவிடுவதில்லை, புதிதாக ஒரு தந்திரமும் கற்றுக்கொள்வதில்லை. அடெப்ட்டில் ஐந்து வெட்டில் விழுந்தவன் லெஜண்டரியில் இருபது வெட்டு வாங்கி விழுவான். சிலருக்கு இது பிடிக்கிறது, பிடிக்கட்டும். ஆனால் இந்த இருபது வெட்டில் பதினைந்து வெட்டு வெறும் பொறுமைதான் என்பது என் கருத்து. அதோடு இந்த லெவலில் எல்லாரும் கடைசியில் பதுங்கியிருந்து வில்லால் அடிக்கும் ஆளாகவே மாறிவிடுகிறார்கள். மறைந்திருந்து அடித்தால் சேதம் பல மடங்காவதால் கணக்கு அங்கேதான் கட்டுப்படியாகிறது. கோடரியோடு நேராக ஓட ஆசைப்பட்டவருக்கு அந்த லெவலில் கொஞ்சம் சிரமம்தான்.

எல்லா கேமும் இப்படிப் பெருக்கலோடு நின்றுவிடுவதில்லை. 2015இல் வந்த ‘பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி’யில் ஈஸி, நார்மல், ஹார்ட் ஆகியவற்றுக்குள் மாறுவது எதிரிகளின் எண்ணிக்கையும் வகையும். ஹார்டில் அதே குகைக்குள் வேறு கூட்டம் நிற்கும், அதனால் நீங்களும் வேறு திட்டம் போட வேண்டும். 2009இன் ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ இன்னும் சுவாரசியம். அதன் கணினிப் பதிப்பில், உங்கள் மந்திரவாதி எறியும் நெருப்பு உருண்டை மிக எளிய லெவலில் உங்கள் ஆட்களைச் சுடாது. நார்மலில் பாதி சுடும், ஹார்டில் முழுசாகச் சுடும். அதாவது லெவலை ஏற்றினால் விதியே மாறுகிறது. அதுவரை கூட்டத்தின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நெருப்பைப் போட்டவர், இனி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான் போட வேண்டும்.

ஆகவே, ‘ஹார்ட்’ என்ற ஒரே பெயர் ஒவ்வொரு கேமிலும் வேறு வேறு வேலையைச் செய்கிறது. அந்தப் பெயர்ப் பலகையை வைத்து ஆடுபவரை எடைபோடுவது அர்த்தமில்லாதது. லெவலைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியது, “இந்தத் திருகைத் திருப்பினால் உள்ளே எது மாறுகிறது, மாறும் அந்தப் பகுதி எனக்குப் பிடித்த பகுதியா?” என்பதுதான்.

சரி, விட்சருக்கு வருவோம். இதில் நாலு லெவல்கள்: ஜஸ்ட் த ஸ்டோரி, ஸ்டோரி அண்ட் ஸ்வோர்ட், பிளட் அண்ட் புரோக்கன் போன்ஸ், டெத் மார்ச். மேலே போகப் போக எதிரிகளின் உயிரும் அடியும் கூடுகின்றன, அது எதிர்பார்த்ததுதான். மெனுவில் பளிச்சென்று தெரியாத ஒரு மாற்றம் உண்டு. கீழ் இரண்டு லெவல்களில் கெரால்ட் தியானத்தில் உட்கார்ந்து எழுந்தால் உயிர் நிரம்பிவிடும். மேல் இரண்டில் நிரம்பாது. அங்கே உயிரை ஏற்ற ரொட்டியும் இறைச்சியும் தின்ன வேண்டும், இல்லையென்றால் ஸ்வாலோ மருந்தைக் குடிக்க வேண்டும். ஆட்டத்தின் தொடக்கத்தில் காசும் இல்லை, மருந்தும் இல்லை. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் வீடு வீடாகப் புகுந்து ஆப்பிள் பொறுக்குவது இதனால்தான். நீங்களும் பொறுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் தம்பி சொல்ல மறந்த விஷயம் ஒன்று உண்டு. டெத் மார்ச்சில் மிகக் கடினமான பகுதி நீங்கள் இப்போது நிற்கும் இந்த முதல் சில மணி நேரம்தான். திறமைப் புள்ளிகள் சேர்ந்து, நல்ல கவசம் கிடைத்து, எண்ணெய்களும் மருந்துகளும் கைவசம் வந்த பிறகு அதே டெத் மார்ச் தளர்ந்துவிடும். கூர்மே என்று ஒரு திறன் உண்டு. அதை எடுத்துவிட்டால் ஒரு தடவை சாப்பிட்ட சாப்பாடு 20 நிமிடத்துக்கு உயிரை ஏற்றிக்கொண்டே இருக்கும். டெத் மார்ச் வீரர்கள் பலர் பெருமையோடு முடித்ததன் பின்னால் இந்த ஒரு வாய் சாப்பாடு இருக்கிறது. இந்த வகை கேம்கள் பலவற்றிலும் இதே கதைதான்: ஆரம்பம் செங்குத்து, பின்பாதி சமவெளி. அதனால் புதிதாக வருபவர் குறைந்த லெவலில் தொடங்கிப் போகப் போக ஏற்றுவதுதான் பொருத்தம். பலரும் செய்வது இதற்கு நேர்மாறு. ரோஷத்தில் மேலே தொடங்கி, நொந்துபோய், பாதியில் மூடி வைத்துவிடுகிறார்கள்.

அப்படியானால் உங்களுக்கு ஜஸ்ட் த ஸ்டோரி போதாதா என்று கேட்கலாம். போதும், அதில் தப்பே இல்லை. மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கும், கண்ட்ரோலரையே இப்போதுதான் முதல் முறை பிடிப்பவர்களுக்கும் நான் அதைத்தான் சொல்வேன். உங்களுக்கு ஒரு படி மேலே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கெரால்ட் சும்மா வாள் வீரன் இல்லை, கூலிக்குப் பேய் பிடிப்பவன். காலடித் தடத்தைப் பார்த்து, ஊராரை விசாரித்து, இது இன்ன ஜந்து என்று கண்டுபிடித்து, அதற்கான எண்ணெயை வாளில் தடவிக்கொண்டு போவது அவன் தொழில். மிக எளிய லெவலில் எதையும் தயார் செய்யாமல் போனாலும் ஜந்து விழுந்துவிடும். அப்போது அந்த விசாரணையெல்லாம் வெறும் பேச்சாகிவிடும். ஸ்டோரி அண்ட் ஸ்வோர்டில் தயாரிப்பு பலன் தரும், தயாரிக்காமல் போனாலும் இரவு முழுக்கத் தண்டனை அனுபவிக்க வேண்டியதில்லை.

அதே ஒயிட் ஆர்ச்சர்டில் கிணற்றடிப் பேய் ஒப்பந்தம் ஒன்று வரும். எந்த லெவலில் ஆடினாலும் அதைத் தவற விடாதீர்கள். அந்தப் பேய் உருவமில்லாமல் நழுவிக்கொண்டே இருக்கும், வாள் சரியாகப் படாது. தரையில் யர்டென் என்ற மந்திர வட்டத்தைப் போட்டு அதை உள்ளே வரவைத்தால் உருவம் பெறும், அடி விழும். உங்கள் லெவல் சரியா என்று பார்க்க இதைவிட நல்ல இடம் அந்தத் தொடக்கப் பகுதியில் இல்லை. யர்டென் போடாமலே சுலபமாக ஜெயித்துவிட்டால் லெவல் உங்களுக்குக் குறைவு. போட்டும், பேய்களுக்கான ஸ்பெக்டர் எண்ணெய் தடவியும், இரண்டே அடியில் சாகிறீர்கள் என்றால் அதிகம். போட்ட பிறகு “அட, இப்படியா!” என்று தோன்றினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பொதுவாகவும் இதே அளவுகோல்தான். செத்தவுடன் “ஏன் செத்தேன்?” என்று உங்களையே கேளுங்கள். “அது மேலே எழும்பியபோது விலகியிருக்க வேண்டும்”, “குவென் என்ற மந்திரக் கவசத்தைப் போட மறந்துவிட்டேன்” என்று பதில் வந்தால் ஆட்டம் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறது. இன்னொரு தடவை முயற்சி செய்யலாம். பதிலே வரவில்லை, அல்லது “எல்லாம் சரியாகத்தான் செய்தேன், அதற்கு உயிர் குறையவே இல்லை” என்று வந்தால் குறையுங்கள். கூடவே நேரக் கணக்கும் பாருங்கள். ஒரு நாளில் ஆறு மணி நேரம் ஆடும் கல்லூரிப் பையனுக்கு ஒரு பாஸிடம், அதாவது ஒரு பெரிய எதிரியிடம், முக்கால் மணி நேரம் போனால் அது அன்றைய ஆட்டத்தில் ஒரு பகுதி. உங்களுக்கு அது அன்றைய ஆட்டமே. நேரம் குறைவாக இருப்பதைத் திறமைக் குறைவாக நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிந்த குழப்பம் இதுதான்.

கிரிஃபினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், லெவலைக் குறைத்த பிறகும் கொஞ்சம் மல்லுக்கட்டும். அந்தக் குவெஸ்ட்டுக்கு கேம் பரிந்துரைப்பது லெவல் 3. இது டிஃபிகல்டி லெவல் இல்லை, கெரால்ட் வளர்ந்திருக்கும் லெவல். நீங்கள் அதற்கு முன்பே போய் நிற்கிறீர்களோ என்று ஒரு சந்தேகம். ஊரைச் சுற்றி சின்னச் சின்ன வேலைகளை முடியுங்கள். நிமிர்ந்து நிற்கும் பழைய சக்திக் கற்கள் கண்ணில் பட்டால் தொட்டுவிட்டுப் போங்கள், ஒவ்வொன்றும் முதல் முறை ஒரு திறமைப் புள்ளி தரும். சண்டைக்கு முன் குவென் போட்டுக்கொள்ளுங்கள், அது உடைந்தால் மறுபடி போடுங்கள். கிரிஃபின் பறக்கும்போது குறுக்குவில்லால் ஒரு அம்பு விட்டால் கீழே விழும். விழுந்ததும் ஓடிப்போய் நாலு வெட்டு, உடனே விலகல். கிரிஃபின் வகை ஜந்துகளுக்கான ஹைப்ரிட் எண்ணெய் கிடைத்திருந்தால் தடவிக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் வந்த பெரிய அப்டேட்டில் மந்திரங்களை மெனு திறக்காமல் வேகமாகப் போடும் வசதியைச் சேர்த்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் அதை இயக்கிக்கொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும்.

பிறகு எப்போது ஏற்றலாம்? அடுத்து வரும் வேலன் என்ற பகுதியில் சில இரவுகள் கழிந்து, மருந்தைத் திறக்காமலே எல்லாச் சண்டையும் முடிகிறது என்று தோன்றும்போது பிளட் அண்ட் புரோக்கன் போன்ஸுக்குப் போய்ப் பாருங்கள். பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். யாரும் பதிவேடு வைத்துக்கொண்டு பார்க்கவில்லை.

தம்பிக்கு என்ன சொல்வது? டிஃபிகல்டியைக் குறைப்பது ஏமாற்று என்று அவர் நினைத்தால், 2022இல் வந்த ‘எல்டன் ரிங்’ பற்றி அவரிடம் கேட்டுப் பாருங்கள். அதில் லெவல் மெனுவே கிடையாது, எல்லாருக்கும் ஒரே ஆட்டம். ஆனால் ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே குதிரையில் வரும் தங்கக் கவச வீரனிடம் மோதிச் சாவதா, சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போய் பலம் சேர்த்துத் திரும்புவதா என்பது உங்கள் விருப்பம். துணைக்கு ஆவிகளை அழைக்கலாம், மற்ற ஆட்டக்காரர்களையும் கூப்பிடலாம். ஆக, அங்கேயும் டிஃபிகல்டி இருக்கிறது, மெனுவிலிருந்து எடுத்து நிலத்தில் விரித்து வைத்திருக்கிறார்கள். அங்கேயும் “ஆவியைக் கூப்பிட்டு ஜெயித்தால் அது ஜெயிப்பா?” என்று சண்டை போட ஆட்கள் இருக்கிறார்கள். இந்த விவாதத்துக்கு முடிவே கிடையாது, நீங்கள் அதில் கட்சி சேர வேண்டிய அவசியமும் இல்லை.

உருவாக்குபவர்களே தாங்கள் வைத்த படிகளைப் பின்னால் திருத்துகிறார்கள். 2025இல் வந்த ‘ஒப்லிவியன் ரீமாஸ்டர்ட்’ கேமில் அடெப்ட்டுக்கும் எக்ஸ்பர்ட்டுக்கும் நடுவே பெரிய பள்ளம், ஒன்று சப்பென்று இருக்கிறது, மற்றது கல்லாக இருக்கிறது என்று ஆடியவர்கள் சொன்னார்கள். பிறகு அப்டேட்டில் நடுவே ஜர்னிமேன் என்று ஒரு படியைச் சேர்த்தார்கள். நீங்கள் கொடுக்கும் அடியையும் வாங்கும் அடியையும் தனித்தனியாக மாற்றவும் வழி செய்தார்கள். செய்தவர்களுக்கே மாற்றிக்கொள்ளலாம் என்றிருக்கும்போது உங்களுக்கு என்ன தயக்கம்?

பால்டர்ஸ் கேட் 3 தாராளமாக வாங்குங்கள். அது வேறு மாதிரி. முறை வைத்து நடக்கும் சண்டை, விரல் வேகம் தேவையே இல்லை. உங்கள் முறை வந்ததும் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தும் யோசிக்கலாம். பேலன்ஸ்ட் என்ற நடு லெவலில் தொடங்குங்கள். எக்ஸ்ப்ளோரர் அதைவிட எளிது, ஆனால் அதில் ஒரே கதாபாத்திரத்துக்கு போர்வீரன், மந்திரவாதி என்று இரண்டு வகுப்புகளைக் கலக்கும் வசதி கிடையாது. முதல் ஆட்டத்தில் அது தேவைப்படாது என்பதால் எக்ஸ்ப்ளோரருக்கு இறங்கினாலும் பெரிய நஷ்டமில்லை. பேலன்ஸ்டுக்கு மேலே உள்ள டாக்டிஷியனில் எதிரிகளுக்கு 30 சதவீதம் கூடுதல் உயிர், சிலருக்குக் கூடுதல் திறன்கள். இரவுத் தங்கலுக்குச் செலவாகும் உணவுப் பொருள்களும் 40இலிருந்து 80 ஆகும். இதிலும் உங்கள் கதாபாத்திரம் வளரும் முதல் மூன்று லெவல்கள்தான் மிகக் கஷ்டம். உயிர் கொஞ்சம்தான் இருக்கும், வீசும் அடியெல்லாம் தவறும். மேடான இடத்தில் நின்று எய்தால் பகடையில் கூடுதலாக 2 கிடைக்கும், அதை மட்டும் நினைவில் வைத்தாலே பல சண்டைகள் திரும்பிவிடும். கட்டம் கட்டமாக நகர்த்தி யோசிக்கும் ஆட்டம் பிடித்தவர் என்றால் இரண்டாம் அங்கத்திலேயே டாக்டிஷியனுக்கு ஏறிவிடுவீர்கள் என்று நினைக்கிறேன்.

இந்த கேமில் உண்மையான டிஃபிகல்டி மெனுவுக்கு வெளியே இருக்கிறது. ஒருவரைப் பேசி மசிய வைக்கப் பார்க்கிறீர்கள், பகடை 3 விழுகிறது. பழைய சேவைத் திறந்து மறுபடி உருட்டலாம். உருட்டாமல் விட்டால் கதை வேறு பக்கம் திரும்பும். சில சமயம் அந்தப் பக்கம்தான் சுவாரசியம். சண்டையில் தோற்றால் எத்தனை தடவை வேண்டுமானாலும் லோட் செய்யுங்கள். பேச்சில் தோற்றால் இன்ஸ்பிரேஷன் புள்ளி இருந்தால் அதை வைத்து ஒரு முறை மறுபடி உருட்டிவிட்டு, அப்புறம் விழுந்ததை ஏற்றுக்கொண்டு போகப் பாருங்கள். கார்மிக் டைஸ் என்று ஒரு செட்டிங் இருக்கிறது, தொடர்ந்து மோசமாக விழுவதைத் தவிர்க்கும். முதல் ஆட்டத்துக்கு அது இயங்கிக்கொண்டே இருக்கட்டும்.

ஹானர் மோடை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள். ஒரே ஒரு சேவ்தான், மொத்தக் குழுவும் விழுந்தால் அந்த ஹானர் ஆட்டம் முடிந்தது. தினம் ஒரு மணி நேரம் ஆடுபவருக்கு அது பல மாத உழைப்பு. தம்பி லீவில் வரும்போது கண்ட்ரோலரை அவர் கையில் கொடுத்து, அவரை வேண்டுமானால் ஆடச் சொல்லுங்கள்.